இறகு கக்கிய தெரு

ஒரு பங்குனி மாசம் முழுக்க எங்கள் கரையடித் தெரு காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் இறகு கக்கிக்கொண்டிருந்தது, அதைப் பற்றி இப்போது யாரும் வாயைத் திறப்பதில்லை, திறந்தால் தொண்டைக்குள் எதுவோ ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள், ஆனால் எனக்கு அந்த வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை, மீன் செதிலும் புளித்த சோறும் கோழையும் கலந்த வாடை, சோப்பு போட்டுக் குளித்தாலும், பிள்ளையின் தலைமுடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாலும், எல்லா வாசனைக்கும் அடியில் அது கிடக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் தெரு குளத்தங்கரைக்குக் கீழே இருக்கிறது. ஆம்பிளைகள் பாதிப் பேர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள், என் வீட்டுக்காரர் ஆவுடையும் அங்கேதான், பொம்பிளைகள் நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டிப் பீடி சுற்றுவோம். ஒரு மத்தியானம் குளத்துப் பக்கமிருந்து கூழைக்கடா ஒன்று தாழப் பறந்து வந்து, குழாயடியில் வரிசையில் வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களின் மேல் சாக்குமூட்டை மாதிரி விழுந்தது. யாரோ கரையில் போட்டுவிட்டுப் போன தூண்டில் முள் அதன் தொண்டைப் பையில் குத்தி மறுபக்கம் வந்திருந்தது, தூண்டில் நரம்பு கழுத்திலிருந்து வலது இறக்கை வரைக்கும் சுற்றி, சுற்றிய இடமெல்லாம் தோல் அறுந்து, அறுந்த இடத்தில் ஈ மொய்த்தது. அது எழுந்து நிற்கப் பார்த்தது, முடியவில்லை, பிறகு குழாயடிச் சேற்றிலேயே உட்கார்ந்து வட்டக் கண்ணால் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருக்கிறது, வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வருகிறவர்களுக்கு அது பழக நாளாகும். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு பாத்திரம் போக வேண்டும். ரசமோ, கஞ்சியோ, கறிக்குழம்போ, கொண்டுபோகாத வீட்டுக்காரிக்கு அது தலைகுனிவு, கொண்டுவந்ததைச் சாப்பிடாமல் வைத்துவிட்டால் படுத்துக்கிடக்கிறவளுக்குத் தலைகுனிவு, அதனால் கொண்டுவந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையாலேயே ஊட்டிவிட்டு, காலிப் பாத்திரத்தோடுதான் திரும்புவாள். என் மகள் தன்ஷிகாவை ஆபரேசன் பண்ணி எடுத்து என்னை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கு அந்தத் தெருவே என் கட்டிலைச் சுற்றி நின்றது, தையல் போட்ட வயிற்றோடு ஒருக்களிக்கவும் முடியாமல் கிடந்தவள் வாயில் கை மாற்றிக் கை மாற்றிச் சோறு வந்தது, யாரோ என் சேலையை விலக்கித் தையலைப் பார்த்தார்கள், யாரோ அதில் மஞ்சள் பூசச் சொன்னார்கள், நான் வாந்தி எடுத்தேன், எடுத்ததைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டினார்கள். கதவை யாராவது சாத்த மாட்டார்களா என்பது ஒன்றுதான் அப்போது என் நெஞ்சில் இருந்தது.

கூழைக்கடாவுக்கும் அதுதான் நடந்தது. முதலில் கோமு மைனி போனாள், எங்கள் தெருவில் நல்லதோ கெட்டதோ அவள்தான் முன்னால் நிற்பாள், வாட்டசாட்டமான பொம்பிளை, குரலும் அப்படித்தான். மீன் தின்கிற சாதிதானே என்று மத்தியானம் பொரித்த சாளை மீனை மசாலாவோடு கொண்டுவந்து, அலகை ஒருத்தியைப் பிடிக்கச் சொல்லி, முள் குத்தி நிற்கிற தொண்டைக்குள்ளேயே தள்ளினாள். அடுத்து இட்லி வந்தது, அடுத்து வாழைப்பழம், பாலில் நனைத்த ரஸ்க்கு, ஆட்டுக்கால் சூப்பு. ஒருத்தி புண்ணில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பினாள், ஒருத்தி அதன் மேல் திருநீறு போட்டாள், ராத்திரி குளிருமே என்று ஒருத்தி தன் மகனின் பழைய சுவெட்டரை அதன் இறக்கைக்கு மேல் மாட்டிப் பொத்தானும் போட்டுவிட்டாள். தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிற வேலாண்டி மாமா கீற்றால் ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தார். எல்லாம் பாசம்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பாசம் அலகின் இரண்டு ஓரமும் வழிந்து, சுவெட்டரில் ஒழுகி, கீழே புளித்து, அதில் புழு நெளிந்ததை நான் என் வாசல் நடையில் நின்று பார்த்தேன், என் கையில் இருந்த சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டேன். கூட்டத்தைத் தாண்டிப் போகவும் எனக்குக் கூச்சம், ஊட்டவும் மனசில்லை, அதனால் என் வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் கோமு மைனி வாய்க்காலோரம் குனிந்து ஓங்கரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள், பிறகு விரலை விட்டு வாயிலிருந்து எதையோ இழுத்தாள், இழுக்க இழுக்க வந்தது, ஒரு முழ நீளம், சாம்பல் வெள்ளையில் ஓர் இறகு, தண்டில் கோழை நூலாகத் தொங்கியது. அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள், தண்ணீரில் அலசினாள், கொடியில் துணிக்கு மாட்டுகிற கிளிப்பைப் போட்டு மாட்டிவிட்டு அடுப்புப் பற்ற வைக்கப் போய்விட்டாள். அடுத்த வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்டது, அதற்கடுத்த வீட்டிலும் கேட்டது. இட்லி கொடுத்தவர்களுக்குப் பஞ்சு மாதிரிச் சின்னத் தூவியாக வந்தது, பால் கொடுத்தவர்களுக்கு விரல் நீளத்தில் வந்தது, கறி மீன் கொடுத்தவர்களுக்குத்தான் தண்டு தடித்த பெரிய இறகு. கொடுக்காதவர்களுக்கு வாயில் எச்சிலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

பயந்தார்களா என்று கேட்டால், ஒரு காலை பயந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன ரெண்டு பேரிடம் காய்ச்சல் இருக்கா, இல்லை, வயிற்று வலி இருக்கா, இல்லை, அப்படியானால் போய்ட்டு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அது பழகிவிட்டது, எதுதான் பழகாது. வீட்டு வாசலில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இறகு கக்க ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. கக்கிய பிறகு தொண்டை எரியாமல் இருக்க வேலாண்டி மாமா கிராம்பு தட்டிப் போட்ட டீ விற்றார். யார் வீட்டுக் கொடியில் என்ன இறகு தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டே தண்ணீருக்குப் போனார்கள், பெரிய இறகு தொங்கினால் தாராளக் கை வீடு, தூவி தொங்கினால் கஞ்ச வீடு, பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கொடியைத்தான் பார்த்தது. டவுனிலிருந்து மெத்தைக் கடைக்காரர் ஒருவர் வந்து, இறகை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுருக்கி, பிறகு வெந்நீரில் வேகவைத்துக் காயப்போட்டுத் தந்தால் தலையணைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார், அன்றிலிருந்து பருப்பு வேகிற பானையில் இறகும் வெந்தது. தெரு முழுக்க அந்த ஆவி. நான் பீடி இலையை மூக்கில் வைத்துக்கொண்டு சுற்றினேன், புகையிலை நெடி கூட அதற்குத் தேவலாம் போலிருந்தது. ஆவுடை போனில் கூப்பிட்டு, ஊரே கக்குதாமே, வீடியோ எடுத்து அனுப்பு என்றார். நம்ம வீட்டில் யாரும் கக்கவில்லை என்றேன். ஏன், நம்ம அவ்வளவு இல்லாதவங்களா என்று கேட்டார்.

அதைத்தான் என் மாமியார் சொர்ணமும் கேட்டாள். எங்கள் வீட்டுக் கொடியில் துணி மட்டும்தான் தொங்கியது, அது அவளுக்கு வெளியே தலைகாட்ட முடியாத அவமானமாகிவிட்டது. குழாயடியில் கோமு மைனி சிரித்துக்கொண்டே, சொர்ண யத்தை வீட்டு அடுப்பு இன்னும் பத்தலையோ, தீப்பெட்டி வேணுமா என்று கேட்டாளாம். யத்தை வீட்டுக்கு வந்து குடத்தை நங்கென்று இறக்கினாள். எனக்குக் கொடுக்க மனசில்லை, அவளுக்கோ சர்க்கரை வியாதி, கக்கினால் தாங்காது என்று பயம், அதனால் அவள் பிள்ளையின் கையைப் பிடித்தாள். தன்ஷிகாவுக்கு ரெண்டு வயசு முடியவில்லை, அந்தப் பெயர் யத்தையின் வாயில் நுழையாது, தனுசு என்றுதான் கூப்பிடுவாள், தனுசு வா, பறவைக்கு ஊட்டுவோம் என்று கூட்டிப்போய், பிள்ளையின் கையில் ஒரு துண்டு முறுக்கைக் கொடுத்து, கையை அலகுக்குள் விட்டு எடுத்தாள். நான் அப்போது பீடிக் கடையில் இலை வாங்க நின்றிருந்தேன். வந்த பிறகுதான் பிள்ளையின் கையில் அந்த வாடையை முகர்ந்தேன்.

விடிகிற நேரம் பிள்ளை பாயில் துள்ளியது. சத்தம் வரவில்லை, அதுதான் என்னை எழுப்பியது, வாய் திறந்திருந்தது, கண் பிதுங்கியது, உதடு நாவல்பழ நிறத்தில் மாறிக்கொண்டிருந்தது. விரலை விட்டேன், கடைவாய்க்கு உள்ளே, உள்நாக்குக்கும் கீழே, ஈரமாக எதுவோ விரலில் சுற்றியது, இழுத்தேன். சின்ன இறகுதான். என் நடுவிரல் நீளம்கூட இல்லை. ஆனால் பெரியவர்கள் தொண்டையில் வழுக்கிக்கொண்டு வருவது ஒரு சின்னத் தொண்டையில் தக்கையாக நின்றது. பிள்ளை மூச்சை இழுத்துக்கொண்டு வீறிட்டது. யத்தை ஓடிவந்தாள், பிள்ளையைப் பார்த்தாள், என் கையிலிருந்ததைப் பார்த்தாள், பயத்தில் அவள் முகம் சுண்டிப்போனதும் நிஜம், அதைக் கழுவிக் கொடியில் மாட்டியதும் நிஜம். சாயங்காலம் குழாயடியில், எங்க தனுசு கக்குனா என்று அவள் சொல்வதை நான் உள்ளேயிருந்து கேட்டேன். பச்சப்பிள்ளை கையால இட்லி ஊட்டிப் பாருங்க யத்தை, பூ மாதிரி வரும் என்று கோமு மைனி சொல்வதும் கேட்டது.

அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக அந்தப் பந்தலுக்குப் போனேன், எல்லாரும் டீவி முன்னால் உட்கார்ந்திருந்த நேரம். எந்தெந்த வீட்டுக் குழம்போ ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து பறவையைச் சுற்றிப் பொருக்கு தட்டியிருந்தது, கழுத்தில் செவ்வந்தி மாலை, நெற்றியில் குங்குமம். சுவெட்டர் பொத்தானைக் கழற்றினேன். உள்ளே இறகு இல்லை. கோழியைக் கறிக்கு உரித்த மாதிரி வெறும் தோல், புள்ளி புள்ளியாக இறகு பிடுங்கிய குழி, குழியெல்லாம் மஞ்சளும் சீழும், இடுக்கில் வெள்ளைப் புழு. இறக்கையின் நுனியில் மட்டும் கொஞ்சம் பாக்கி இருந்தது. இந்தத் தெரு ஒவ்வொரு வாய் ஊட்டியதற்கும் அது ஒவ்வோர் இறகாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது, மிச்சம் வைக்கக் கூடாது என்கிற எங்கள் வழக்கத்தை எங்களை விட அதுதான் ஒழுங்காகக் கடைப்பிடித்தது. இறகு தீர்ந்த பிறகு தெரு எதைக் கக்கும் என்று நினைத்தேன். அது என்னைப் பார்த்தது. கட்டிலில் கிடந்தபோது நான் அப்படித்தான் எல்லாரையும் பார்த்திருப்பேன்.

யத்தையிடம் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், பார்க்கத்தான் செய்தாள், ஆனால் வந்து, பாவம் நல்லா மெலிஞ்சுபோச்சு, நாளைக்கு முட்டை குடுக்கணும் என்றாள். கோமு மைனியிடம் சொல்லத் தெருவைத் தாண்டிப் போனேன், அவள் வீட்டு நிலையில் நின்றேன், அவள் வேகவைத்த இறகை விரித்துக்கொண்டிருந்தாள், என்ன முப்பிடாதி, அதிசயமா வாசல் தாண்டி வந்திருக்க என்றாள், அங்கே உட்கார்ந்திருந்த நாலு பேரும் திரும்பினார்கள். உப்பு இருக்கா மைனி என்று கேட்டு ஒரு கை உப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த உப்பை அடுப்படியில் வைத்துக்கொண்டு அழுதேன். நாளைக்கு முட்டை. பிள்ளையின் கையால் முட்டை. முறுக்குக்கே அவ்வளவு என்றால் முட்டைக்கு எவ்வளவு நீளம் வரும்.

குளத்தங்கரை மதகுச் சுவரில் பாரஸ்ட்டுக்காரர்கள் ஒரு போன் நம்பர் எழுதி வைத்திருந்தார்கள், பறவைக்கு அடிபட்டால் கூப்பிடச் சொல்லி. அந்தச் சுவர் நல்ல வெயில் வாட்டத்தில் இருப்பதால் தெருவே அதில் வறட்டி தட்டியது. காலையில் எல்லாரும் வாளியோடு உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்துப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், வறட்டிகளைப் பெயர்த்தேன், சிலது காய்ந்தது, சிலது பச்சைச் சாணி, நகத்துக்குள் ஏறியது, ஒவ்வோர் எண்ணாக வெளியே வந்தது. கூப்பிட்டேன். எடுத்தது ஒரு பொம்பிளைக் குரல், பெயர் ஜெபராணி என்றாள், வனக்காவலர். நான் பேசவில்லை. அவள், சொல்லுங்க, யாரு, என்று திரும்பத் திரும்பக் கேட்டும் வைத்துவிடாமல் இருந்தாள், என் பக்கம் பிள்ளை ஏதோ மழலையில் சொல்லவும், அங்கே பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா பாப்பா என்று கேட்டாள், அதற்குத்தான் எனக்கு வாய் வந்தது, நான் இருக்கேன் என்றேன்.

மற்றதெல்லாம் அவள் கேட்டுக் கேட்டு வாங்கினாள். இறகு கக்குகிறதைச் சொன்னபோதும் அவள் அதிசயப்படவில்லை, ஊட்டுனாங்களா, எத்தனை பேரு என்று மட்டும் கேட்டுப் பெருமூச்சு விட்டாள், போன வருசம் மேலூர்ப் பக்கம் ஒரு மயிலுக்குப் பொங்கல் ஊட்டிய தெருவில் எல்லாருக்கும் குரல் போய்விட்டதாம். பிறகு சொன்னாள்: சாப்பாடு கொடுக்கக் கூடாது, தண்ணீர்கூட வாயில் ஊற்றக் கூடாது. முள்ளை நீங்கள் பிடுங்கக் கூடாது, நரம்பையும் இழுக்கக் கூடாது. பெரிய அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, துணியைத் தலைக்கு மேல் போட்டு மூடி, இருட்டில் வைத்து, அலகு உங்கள் கண்ணில் குத்தாமல் பார்த்துத் தூக்கி உள்ளே வையுங்கள். நாய் வரக் கூடாது, பிள்ளைகள் வரக் கூடாது, யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நாங்கள் வர மத்தியானம் ஆகும், அதுவரைக்கும் அதைச் சும்மா விட்டால் போதும்.

சும்மா விடுவதுதான் எங்கள் தெருவில் யாருக்கும் வராத காரியம்.

எங்கள் கொல்லையில் வாசிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கோழி அடைய வைத்திருந்தோம். கோழியை விரட்டி, எச்சத்தைத் தட்டி, இலை வெட்டுகிற கத்தரியால் ஓட்டை போட்டேன். தெருவே வாளிகளில் குனிந்திருந்தது, ஓங்கரிப்புச் சத்தத்தில் நான் நடந்தது யாருக்கும் கேட்கவில்லை. பழைய சேலையைப் பறவையின் தலைக்கு மேல் போட்டதும் அது ஒடுங்கியது, அள்ளினேன், சீழும் குழம்பும் என் மார்பிலும் கழுத்திலும் ஒட்டியது, ஒரு புழு முழங்கையில் ஏறியது, பல்லைக் கடித்துக்கொண்டு கொண்டுவந்து பெட்டியில் வைத்து மூடி, என் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். குளித்தேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்தக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியதும் பாத்திரங்கள் பந்தலுக்குப் போயின, பந்தலில் சுவெட்டர்தான் கிடந்தது. ஒழுகிய சொட்டு என் வாசல் வரைக்கும் வழி காட்டியிருந்தது. முதலில் கேட்டார்கள், பிறகு தட்டினார்கள், பிறகு கூட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டது, கையில் முட்டை, கையில் கூழ், கையில் குழம்பு. யத்தை தலையில் அடித்துக்கொண்டு, என் மானத்தை வாங்கவா வந்த, எந்திரிட்டி என்றாள். மெத்தைக் கடைக்காரர் சாயங்காலம் வருகிறாரே என்று ஒருத்தி சொன்னாள். பசியில கெடந்து சாகட்டும்னு பூட்டி வச்சிருக்கியே, நீயும் ஒரு தாயா என்று இன்னொருத்தி கேட்டாள். கோமு மைனி எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள், சாந்தமாகத்தான் பேசினாள், ஒரு வாய் மட்டும் ஊட்டிட்டுப் போயிருதோம், நீ கூட வேண்டாம், பிள்ளை கையில குடு என்று சொல்லி, என் மடியிலிருந்த பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

என் வாயிலிருந்து வந்த குரல் எனக்கே புதுசு.

"கையை எடுங்க மைனி. அதுக்கு உங்க யாரோட சோறும் வேண்டாம். அது உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. என் பிள்ளையும் கேக்கல. நீங்க ஊட்டுனதெல்லாம் போதும், எல்லாரும் வெளிய போங்க."

யாரும் வெளியே போகவில்லை, ஆனால் மைனி கையை எடுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சோறு வேண்டாம் என்று ஒருவர் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. கொண்டுவந்த கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள், அறைக் கதவு வரைக்கும் பாத்திரம் பாத்திரமாக நிறைந்து, ஈ வந்து, குழம்பு ஆறி ஆடை கட்டி, உச்சிவெயிலில் ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பித்தது. நாங்கள் எல்லாரும் அந்த வீச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. செத்துவிட்டதோ என்று என் முதுகு கதவில் ஒட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது, திறந்து பார்க்கலாமா என்று கை பரபரத்தது, அப்போதுதான் எனக்குள்ளும் அந்தத் தெரு இருக்கிறது என்று தெரிந்தது. திறக்கவில்லை.

ஜெபராணி ஜீப்பில் வந்தாள், கூட ஓர் ஆள். சின்னப் பெண்தான், காக்கிச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது, பாத்திரங்களுக்கு நடுவே கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து வந்தாள், நான் எழுந்து கதவைத் திறந்ததும் பெட்டியின் ஓர் ஓட்டை வழியாக ஒரு கண் மட்டும் வைத்துப் பார்த்தாள், உசுரு இருக்கு யக்கா என்று என் காதில் சொன்னாள். பெட்டியை மூடியபடியே தூக்கிக்கொண்டு போனார்கள். ஜீப்புக்குப் பின்னால் கோமு மைனி ஒரு தூக்குவாளியோடு ஓடினாள், வழியில் பசிச்சா குடுங்க என்று.

மறுநாள் தெரு வழக்கம்போல வாளி முன்னால் குனிந்தது. ஓங்கரித்தது. எச்சிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. பிள்ளை விடிந்தும் தூங்கிக்கொண்டிருந்தது, நான் அதன் மூக்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் தெருவுக்குக் கை ஓயவில்லை, கொடிகள் வெறுமையாகக் கிடப்பது அவர்களுக்கு வீட்டில் யாரோ இல்லாத மாதிரி இருந்தது. கக்கி முடித்த வாய் நமநம என்கிறது என்றார்கள். வேலாண்டி மாமா வேன் பேசலாம் என்றார், பறவையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் போய் எல்லாருமாகப் பார்த்துவிட்டு வருவோம், புளியோதரை கட்டிக்கொள்வோம், மைனி ஆட்டுக்கால் வேண்டாம் நெத்திலி எடுத்துக்கொள்கிறேன் என்றாள், யத்தை தனுசுவுக்குப் புதுக் கவுன் எடுத்தாள். எங்கே என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நம்பர் என்னிடம்தான் இருந்தது, வறட்டியை அவர்கள் மறுபடியும் தட்டிவிட்டார்கள்.

ஜெபராணி ஒரு காலையில் கூப்பிட்டாள். முள்ளை எடுத்தாயிற்று, புண் ஆறிக்கொண்டு வருகிறது, தோலில் கடுகு மாதிரி இறகு முளை விட்டிருக்கிறது, வளர மாசக்கணக்கில் ஆகும், ஆனால் பிழைத்துக்கொண்டது என்றாள். வந்து பாக்கீங்களா யக்கா என்று கேட்டாள். எனக்குப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் மேடம், அதை ஆரும் பாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்துத் திரும்பினால் வாசலில் தெரு நிற்கிறது. யாரு போன்ல, எங்க வச்சிருக்காவளாம், எப்படி இருக்காம், வேன்காரனுக்குச் சொல்லணும். யத்தை புதுக் கவுன் போட்ட பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தாள். பிள்ளையின் கை அவள் தோளிலிருந்து தொங்கியது, சின்னக் கை, எதையும் பிடிக்காத கை. எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தேன், எச்சில் ஊறிக் காத்திருந்தார்கள்.

"செத்துப்போச்சாம்" என்றேன்.

கோமு மைனிதான் முதலில் அழுதாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு, மகராசி, நம்ம தெருவு சோறு தின்ன பிள்ளையே என்று ஒப்பாரியே வைத்தாள், அவளைத் தாங்கிப் பிடித்து எல்லாரும் அழுதார்கள், நிஜமான அழுகை, மூக்குச்சளி மேலுதட்டில் இறங்குகிற அழுகை. அழுது முடித்து மூக்கைச் சிந்திச் சுவரில் துடைத்துவிட்டு, சும்மா விடக் கூடாது, முறைப்படி செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணினார்கள். குழாயடியில் அடுப்பு வெட்டினார்கள். இறகு வெந்த அதே பானைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அதில் சோறு பொங்கினார்கள், சாம்பார், வடை, பாயசம், வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. தெருவே வரிசையாக உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டது, ஊட்டுவதற்கு ஆள் இல்லாமல் முதல் தடவையாகத் தங்கள் வாயிலேயே போட்டுக்கொண்டார்கள், ஏப்பம் விட்டுவிட்டு மறுசோறு கேட்டார்கள். பானையின் அடியில் ஒரு தூவி ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். கரண்டியால் அள்ளி ஓரமாகப் போட்டேன்.

நான்தான் பரிமாறினேன். பிள்ளை யாரும் ஊட்டாமல் தன் இலையில் இருந்த வடையைப் பிய்த்துத் தானே தின்றுகொண்டிருந்தது. யத்தையின் இலைக்கு வந்தபோது அவள் சாப்பிடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காத குரலில், நெசமாவே செத்துப்போச்சாட்டி என்று கேட்டாள்.

நான் அவள் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன், அதன் மேல் இன்னும் ஒரு கரண்டி, குழி பண்ணி நிறையக் குழம்பும் ஊற்றினேன்.

"சாப்பிடுங்க யத்தை" என்றேன். "இலையில மிச்சம் வைக்கக் கூடாது."

யத்தை என்னைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்தாள். வாய் நிறைய எடுத்துப் போட்டு, மென்று, விழுங்கினாள்.